மெடல் வந்தால் சொல்லி அனுப்புங்கள்

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. குறைந்த மதிப்பெண் எடுத்தவர் ஜெயிக்கும் விளையாட்டு ஒன்று, சென்னைத் துறைமுகத்தின் மதிலுக்குள்ளே ஆண்டுக்கணக்காகப் பகிரங்கமாக நடந்துகொண்டிருக்கிறது. முதலாவதாக வந்தால் 1 புள்ளி. இரண்டாவதாக வந்தால் 2. பத்தாவதாக வந்தால் 10. எல்லாப் பந்தயங்களையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவருக்கே கோப்பை. இது போதாதென்று இன்னொரு கொடுமையும் உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பந்தயங்கள் நடந்துவிட்டால், உங்கள் பிள்ளை இருப்பதிலேயே மோசமாக ஓட்டிய பந்தயத்தைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுவார்கள். ஒருநாள் சறுக்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று எட்டு வயதுக் குழந்தைக்கு விதி போட்டே சொல்லிக்கொடுக்கிறார்கள். அரை மார்க் போன துக்கத்தில் மூன்று நாள் அடுப்பு மூட்டாத குடும்பங்கள் வாழும் ஊரில், இப்படியொரு விளையாட்டை எப்படி அனுமதித்தார்கள் என்று தெரியவில்லை.

டிங்கி என்று சொல்லப்படும் சின்னப் பாய்மரப் படகுகள் இவை. இன்ஜின் கிடையாது. பிள்ளைகள் முதலில் ஏறுவது ஆப்டிமிஸ்ட் என்ற வகை. 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தது. அதிகம் செலவழிக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். இரண்டு ஒட்டுப்பலகைகளில் அடங்குகிற மாதிரி, 50 டாலருக்குள் முடிகிற மாதிரி செய்து கொடுத்தார். நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. ஒரே பாய். ஒரே ஆள்.

அந்த ஒரே ஆளுக்கு வயது எட்டோ ஒன்பதோ இருக்கும். கரையை விட்டு நகர்ந்த பிறகு அம்மா இல்லை, டியூஷன் சார் இல்லை, கோனார் உரையும் இல்லை. காற்று திசை மாறினால் எப்போது படகைத் திருப்புவது, எதிரே வருகிறவனுக்கு வழி விடுவதா, அவனை விடச் சொல்லிக் கத்துவதா, படகு ஒருபக்கம் சாய்ந்தால் உடம்பை எவ்வளவு வெளியே தள்ளி அதை நிமிர்த்துவது, எல்லாமே அந்தப் பிள்ளையின் முடிவு. அந்த நொடியிலேயே எடுத்தாக வேண்டிய முடிவு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பொறியியல் கலந்தாய்வில் கல்லூரியின் குறியீட்டு எண்ணைத் தாமே தட்டிக் கொடுக்கும் தந்தையர் நாம். ஒன்பது வயதில் முடிவெடுக்கப் பழகிய பிள்ளை, பதினேழு வயதில் "எனக்கு இது வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டால் என்ன ஆவது? யோசித்துப் பார்த்தால் குலை நடுங்குகிறது.

அதைவிட ஆபத்தானவை இதன் விதிகள். பந்தயத்தில் புறப்பாட்டுக் கோடு என்று ஒன்று உண்டு. ஒலி எழும்புவதற்கு முன்பே அதைத் தாண்டிவிட்டால், நடுவர் படகில் நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி ஏறும். முந்திக்கொண்டவர் திரும்பி வந்து மறுபடியும் புறப்பட வேண்டும். இந்த விதியைக் கொஞ்சம் கரைக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி ஃபவுண்டேஷன். அதற்கும் முன்னால் ப்ரீ-ஃபவுண்டேஷன். எல்.கே.ஜி. சேர்க்கைக்குக் குழந்தைக்கு நேர்காணல், கூடவே பெற்றோருக்கும் நேர்காணல். முந்திக்கொண்டவர்களுக்கெல்லாம் கொடி ஏற்றுவதென்றால் ஈரோட்டுச் சந்தைத் துணி மொத்தமும் பத்தாது. கடலில் அது தவறு. கரையில் அதற்குப் பெயர் கல்வி, வருடத்துக்கு ஒரு லட்சம் கட்டணம், தவணையிலும் கட்டலாம்.

இன்னொரு விதி. பந்தயத்தில் அடுத்தவரின் வழியுரிமையை மீறிவிட்டால், நடுவர் பார்த்தாரா இல்லையா என்பது கேள்வியே இல்லை. தவறு செய்தவர் தாமே ஒப்புக்கொண்டு, ஒதுங்கிப் போய், படகை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மேலே தொடர வேண்டும். இதைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அமல்படுத்தினால் ஃபைல் பார்க்க ஆளிருக்காது. எல்லோரும் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அநியாயம் நடந்ததென்றால் "புரொட்டெஸ்ட்!" என்று தண்ணீரிலேயே கத்தலாம். கரைக்கு வந்து எழுதிக் கொடுத்தால் விசாரணைக் குழு உட்காரும். படகில் இருந்த பிள்ளைதான் பேச வேண்டும், அப்பா வந்து பேச முடியாது. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, இரண்டு படகுக்கும் எவ்வளவு இடைவெளி, யார் முதலில் திரும்பியது என்று பதினோரு வயதுப் பெண் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து சாட்சியோடு வாதாடுவாள். அதே பெண் திங்கள்கிழமை வகுப்பில் எழுந்து, "மிஸ், பேப்பர்ல கூட்டல் தப்பா இருக்கு" என்று சொல்லட்டும். டைரியில் சிவப்பு மையில் எழுத்து விழும்: பெற்றோரை அழைத்து வரவும்.

அழைத்து வரப்பட்ட பெற்றோர் வந்த கையோடு விடுப்பும் கேட்பார்கள் இல்லையா? அந்த நாடகம் எல்லாப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒரே வசனத்தில்தான் நடக்கும்.

"சார், பாப்பாவுக்கு ஒரு வாரம் லீவு வேணும். மும்பையில நேஷனல்ஸ்."

"எதுல?"

"செய்லிங், சார். பாய்மரப் படகு."

"முட்டுக்காட்டுல பெடல் போட்டு ஓட்டுறாங்களே, அதுவா?"

"இல்ல சார், இது காத்துல போறது."

"காத்துல போறதுன்னா ஞாயித்துக்கிழமை போக வேண்டியதுதானே? அந்த வாரம் ரிவிஷன் டெஸ்ட் இருக்கே."

"காத்து நம்ம டைம்டேபிள் பாக்காதே, சார்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அட்டெண்டன்ஸ் குறைஞ்சா ஸ்கூல் பொறுப்பில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மெடல் கிடல் வந்தா மட்டும் சொல்லி அனுப்புங்க."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். நம் விளையாட்டுக் கொள்கை முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த பள்ளி அது. மைதானம் இருந்த இடத்தில் ஏ.சி. ஸ்மார்ட் கிளாஸ் கட்டிய பள்ளி. ஆனால் மெடல் வந்துவிட்டதா? மறுநாள் காலை வாசலில் இருபதடி ஃபிளெக்ஸ். அதில் தாளாளர் படம் பெரிது, தாளாளரின் மறைந்த தந்தையார் படம் அதைவிடக் கொஞ்சம் சிறிது, முதல்வர் படம், துணை முதல்வர் படம். வலது கீழ்மூலையில், ஆணி அடிக்கும் இடத்தில், பிள்ளையின் பாஸ்போர்ட் சைஸ் முகம். எங்கள் பள்ளியின் சாதனை!

இந்த விளையாட்டின் வயதுக் கணக்கு நம் பொதுத்தேர்வோடு திட்டம் போட்டு மோதுகிற மாதிரியே அமைந்திருக்கிறது. ஆப்டிமிஸ்ட் படகில் 15 வயதாகும் ஆண்டு வரைதான் போட்டியிடலாம். பிள்ளை அந்தப் படகில் கை தேர்ந்து நிற்கும் கடைசிப் பருவமும் பத்தாம் வகுப்பும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அதைத் தாண்டி அடுத்த படகான ஐஎல்சிஏ-4-இல் ஏறினால் இளையோர் வரம்பு 18 வயது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பும் நீட்டும் கைகோத்துக் காத்திருக்கின்றன. அந்த இரண்டு ஆண்டும் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்பார்கள்: "இன்னுமா படகு ஓட்டிக்கிட்டிருக்கா?" ஏதோ பீடி பிடிப்பதைப் பற்றி விசாரிக்கிற தொனியில். எத்தனையோ பிள்ளைகள் அந்த இடத்தில்தான் பாயைச் சுருட்டி வைக்கிறார்கள். கடல் அவர்களைக் கவிழ்க்கவில்லை. கரைதான் கவிழ்த்தது.

அதே சொந்தக்காரர்கள் காதில் 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்ற வார்த்தை விழுந்தால் போதும், கதை மாறிவிடும். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 500 இடம், எம்.பி.பி.எஸ்.-க்கு 7 இடம் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல நோக்கத்தில் வந்த ஏற்பாடு. ஆனால் நம் ஆட்களுக்கு ஏற்பாடு கண்ணில் படுவதற்கு முன்பே அதன் குறுக்குவழி கண்ணில் பட்டுவிடும். "போட்டி கம்மியா இருக்கற கேமா பாத்துச் சேத்துவிடணும்" என்று ஆராய்ச்சி தொடங்கும். பயிற்சியாளரிடம் முதல் கேள்வியே, "நேஷனல் சர்டிபிகேட் எத்தனை மாசத்துல கிடைக்கும்?" என்பதுதான். நீச்சல் தெரியுமா என்று அவர் திருப்பிக் கேட்டால், "அதுக்குத் தனி சர்டிபிகேட் உண்டா?" என்று மறுகேள்வி வரும். காற்றைப் படிக்கக் கற்றுத்தரும் ஒரு விளையாட்டைக்கூட லேமினேட் செய்து ஃபைலில் செருக முடிகிற திறமை நமக்கு மட்டுமே வாய்த்தது.

இத்தனையையும் மீறிச் சிலர் போனார்கள். நேத்ரா குமணன் 2009-இல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடை முகாமில் படகேறிய சென்னைப் பெண். பொறியியல் மாணவியாகவும் இருந்துகொண்டே, 2021 ஏப்ரலில் ஓமனில் நடந்த தகுதிப் போட்டியில் ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தார். பாய்மரப் படகில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். அந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன இந்தியப் பாய்மர வீரர்கள் நால்வர்: நேத்ரா, விஷ்ணு சரவணன், கே.சி. கணபதி, வருண் தக்கர். நால்வரும் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள். இந்தத் தகவல் உங்களுக்குப் புதிதாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். அந்த நால்வரில் ஒருவர் கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் பாட்டில் தூக்கியிருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும். டோக்கியோவில் நேத்ரா 35-ஆவது இடம், விஷ்ணு 20-ஆவது இடம். மூன்றாண்டு கழித்துப் பாரிஸில் நேத்ரா 21, விஷ்ணு 18. பன்னிரண்டு வயதிலிருந்து ஏறிய ஏணியின் கணக்கு அது. டீக்கடையில் உட்கார்ந்த நிபுணர் பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்: "இருபத்தொண்ணுதானா?" சொன்னவரின் மகனுக்கு வகுப்பில் இருபத்திரண்டாம் ரேங்க்.

உதவித்தொகை வரவில்லையா என்றால் வந்தது. ஒலிம்பிக் வாசலுக்குப் போன பிறகு எல்லாம் வரும். டெல்லி கொடுக்கும், சென்னை கொடுக்கும், நிறுவனங்கள் கொடுக்கும். பணம் தேவைப்பட்டது பன்னிரண்டு வயதில். கிழிந்த பாயை மாற்றவும், கூடவே வரும் பயிற்சியாளரின் மோட்டார் படகுக்கு எரிபொருள் ஊற்றவும், அடுத்த ஊருக்குப் படகை லாரியில் ஏற்றவும் அப்போது கொடுத்தது அப்பாவின் சேமிப்பும் அம்மாவின் வளையலும்தான். ஏழை வீட்டுப் பிள்ளைக்கென்று 50 டாலர் கணக்குப் போட்டுப் பிறந்த படகு, இன்று புதிதாக வாங்கினால் லட்சங்களில் நிற்கிறது.

"அதெல்லாம் சரி, கடல் ஆபத்தாச்சே" என்பார்கள். ஆமாம், ஆபத்துதான். அதனால்தான் லைஃப் ஜாக்கெட் மாட்டாத பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவதில்லை. பக்கத்திலேயே மீட்புப் படகு நிற்கும். காற்று மீறினால் பந்தயத்தையே நிறுத்திவிடுவார்கள். வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, மறுபடி நிமிர்த்தி ஏறச் சொல்லிக்கொடுப்பதுதான் ஆரம்பப் பாடம். இப்போது நாம் பாதுகாப்பு என்று நம்பும் இடத்தைப் பாருங்கள். ராஜஸ்தானின் கோட்டாவில், நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் விடுதிகளில், 2023 ஆகஸ்டில் மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்தச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்க உத்தரவு போடவில்லை. பாரம் ஏறினால் விசிறி இறங்கிவிட வேண்டும் என்று போட்டது. அந்த ஊருக்குக் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பத் துணிந்தவர்கள், மீட்புப் படகு நிற்கும் துறைமுகத்தைப் பார்த்து "ரிஸ்க்" என்கிறார்கள். எந்தக் கரையில் நின்றுகொண்டு பேசுகிறீர்கள்?

இதுவரை சொன்னது உள்ளவர்களின் கதை. லீவு கேட்கவாவது ஒரு பள்ளிக்கூடமும், படகு வாங்கவாவது ஒரு சேமிப்பும் இருந்தவர்களின் கதை. கதையின் கேவலமான பகுதி மதிலுக்கு வெளியே இருக்கிறது.

சென்னையில் டிங்கிகள் இறங்குவது துறைமுகத்துக்குள். 1911-இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கேதான். நுழைவாயிலில் துப்பாக்கியோடு மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. பாஸ் இல்லாமல் ஈ நுழையாது. துறைமுகத்துக்குப் பாதுகாப்பு வேண்டும், அதில் தகராறில்லை. ஆனால் அந்த மதிலுக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருப்பது மீனவர்கள் வாழும் காசிமேடு. வாடை எப்போது எழும், கொண்டல் எந்த மாதம் புரளும், கச்சான் கடலை எப்படிக் கலக்கும் என்று பாட்டன் வாயிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். படகுகளில் இன்ஜின் வந்து பாயைச் சுருட்டி வைத்து நாளாகிவிட்டது. ஆனாலும் வானத்தைப் பார்த்தே காற்றைச் சொல்லும் கண் இன்னும் போகவில்லை. காசு கொடுத்து ஸ்பெயினிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் பயிற்சியாளரை வைத்துக் கற்க வேண்டிய பாதியை அவர்கள் தெருவில் விளையாடிக்கொண்டே கற்றிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கேட் திறந்தது?

கேட் திறக்காதது மட்டுமில்லை. குப்பத்துப் பள்ளிக்கூடங்களில் பாடம் ஒப்பிக்காத பையனைப் பார்த்து ஆசிரியர் என்ன சொல்கிறார்? "படிக்கலைன்னா கடலுக்குத்தான்டா போவே!" ஒரே கடல். மதிலுக்கு உள்ளே நின்றால் அது பிள்ளையின் ஆளுமையை வளர்க்கும், தலைமைப் பண்பைத் தரும், வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அழகாக ஒரு பத்தி பிடிக்கும். மதிலுக்கு வெளியே நின்றால் அது தண்டனை. பணம் கட்டி நுழைந்தால் விளையாட்டு, பிறந்து நுழைந்தால் பிழைப்பு. அப்பன் தொழிலைச் சொல்லி வகுப்பில் அவமானப்படுத்தப்பட்ட பையன், அதே அலையில் அடுத்த வீதிப் பணக்காரப் பிள்ளை கோப்பை வாங்குவதைப் பேப்பரில் பார்க்கிறான். அந்தப் பேப்பரில் மீன் கட்டிக் கொடுக்கிறாள் அவன் அம்மா.

மேடையேறினால் நமக்குக் கடலைத் தவிர வேறு பேச்சில்லை. ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்துக்குக் கப்பல் விட்ட கதையைச் சொல்லாத அரசியல்வாதி இங்கே கட்சி நடத்த முடியாது. 2025-இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆயிரமாண்டு விழாவே எடுத்தோம். பிரதமர் வந்தார், புகழ்ந்தார், போனார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கப்பற்படைக்கு அவ்வளவு மாலை. 2.3 மீட்டர் படகு ஒன்றைக் கடலோரத்து அரசுப் பள்ளிக்கு வாங்கித் தருவதென்றால் மட்டும் எந்தத் துறையின் தலைப்பில் செலவு எழுதுவது என்று ஃபைல் சுற்றும். அந்தச் சுற்று தவறை ஒப்புக்கொண்டு சுற்றும் சுற்றல்ல.

மத்தியப் பிரதேசத்துக்குப் போவோம். அந்த மாநிலத்துக்குக் கடல் கிடையாது. சோழனும் கிடையாது. போபாலில் ஏரி இருக்கிறது. ஏரிக்கரையில் பாய்மரப் பள்ளி இருக்கிறது. தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள் நேஹா தாக்கூர் அங்கே பயின்று, 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐஎல்சிஏ-4 பிரிவில் வெள்ளி வாங்கினார். அப்போது வயது 17. அதற்கு முன் 2018-இல் ஜகார்த்தாவில் 16 வயது ஹர்ஷிதா தோமர் வெண்கலம். அவரும் மத்தியப் பிரதேசம்தான். ஹைதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரியில் ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஏற்றி, தேசியப் போட்டிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். ஏரி வைத்திருப்பவர்கள் வீடு தேடிப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். 1,076 கிலோமீட்டர் கடற்கரை என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யவைக்கும் நாம், அந்த எண்ணைச் சரியாக எழுதினால் ஒரு மார்க் கொடுக்கிறோம்.

செய்ய வேண்டியது ராக்கெட் விடுகிற வேலை இல்லை. அங்கீகரிக்கப்பட்ட போட்டிக்குப் போகும் நாட்களை வருகை நாட்களாக எழுதுங்கள். தவறிப்போன தேர்வைத் திரும்ப வையுங்கள். மோசமான ஒரு பந்தயத்தைக் கழிக்கத் தெரிந்த உலகத்தில் ஒரு ரிவிஷன் டெஸ்டைத் தள்ளி வைக்க முடியாதா? கடலோர அரசுப் பள்ளிகளுக்கு நாலு டிங்கியும், அவற்றைப் பார்த்துக்கொள்ள சம்பளத்தோடு அந்த ஊர் மீனவர் ஒருவரும் போதும். அவரைப் பள்ளிக்குள் அழைத்து, நாற்காலி போட்டு, "காத்து பத்திப் புள்ளைங்களுக்குச் சொல்லுங்கண்ணே" என்று கேளுங்கள். துறைமுக கேட்டில் காசிமேட்டுப் பையனுக்கும் ஒரு பாஸ் அடியுங்கள். கப்பலைத் திருடிக்கொண்டு போய்விட மாட்டான்.

இதில் எதையும் செய்ய மாட்டோம் என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். எங்களுக்குப் பிள்ளை வேண்டாம், சர்டிபிகேட் போதும். கடலோரத்து மக்கள் வேண்டாம், கடாரம் போதும். அப்படிச் சொல்லிவிட்டு ஒரேயொரு ஒழுக்கத்தை மட்டும் கடைப்பிடியுங்கள். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடாத கையும், குப்பத்துப் பிள்ளைக்குக் கேட்டைத் திறக்காத கையும், நாளை எவராவது வாங்கி வரும் மெடலைப் பிடித்துப் படமெடுத்துக்கொள்ள நீளக் கூடாது. நீண்டால், பிள்ளைகளே, தட்டிவிடுங்கள்.